"ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்": இதய மாத்திரையும் மூளை மந்தமும்

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். பலசரக்குக் கடையில் போய் நின்றவனுக்குப் பெருங்காயம் என்ற வார்த்தை வரவில்லை. வாங்க வந்தது மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது எல்லோருக்கும் நடக்கிறதுதான். பொருள் கண்ணுக்குள் நிற்கிறது, வாசனைகூட வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. "ரசத்துக்குப் போடுவாங்களே, சின்ன டப்பா, மஞ்சளா இருக்குமே" என்றதும் கடைக்காரர் மஞ்சள்தூளை எடுத்து வைத்தார். அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் மூளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் பிடித்துக்கொண்டது. அதனால் படபடப்பு, படபடப்பு வந்ததும் ஐயோ நெஞ்சு என்று அடுத்த பயம்.

இதய மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு இந்தச் சுற்று தெரிந்திருக்கும். இதில் செய்யக்கூடாதவை என்று நான் இங்கே எழுதுகிறவற்றில் பாதி நானே செய்தவை.

முதல் தவறு, மாத்திரையை நாமே நிறுத்துவது. அன்று ராத்திரி மாத்திரை அட்டையோடு வந்த துண்டுச்சீட்டைப் படித்தேன். மெட்டோப்ரோலால், பீட்டா பிளாக்கர் வகை (நாடியையும் பிரஷரையும் குறைக்கிற மாத்திரை), களைப்பு, தலைசுற்றல், கெட்ட கனவு என்று வரிசையாகப் போட்டிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்த அடியில் எழுந்து உட்கார்ந்தேன். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள், 118. "ஏங்க, மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அட்ரினலின் வந்து உட்கார வேண்டிய இடங்களை இந்த மாத்திரை அடைத்து வைக்கிறது. உடம்பு சும்மா இருக்காது, நாளாக ஆக அந்த இடங்களைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென்று விட்டால் கூடுதலாக முளைத்த இடங்களும் சேர்ந்து திறந்துகொள்கின்றன. நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரலாம், அதனால்தான் நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவரே ஒன்றிரண்டு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் விஷயம் இன்னும் மோசம். ஸ்டென்ட் வைத்த சில மாதங்களுக்குள் அவற்றை விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். மந்தமாக இருக்கிறது என்பதற்காகத் தொடவே கூடாத மாத்திரைகள் அவை.

இரண்டாவது தவறு சாதாரணமாகத் தெரியும், ஆனால் நம்மை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று சொல்வது. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே கிடைக்கிற மூன்று நிமிடத்தில் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? பிரஷர் பார்ப்பார், "டென்ஷன் ஆகாதீங்க" என்பார், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். நானும் இரண்டு தடவை அப்படித்தான் திரும்பி வந்தேன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் நாம் "மந்தம்" என்கிற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்களைப் போட்டு மூட்டை கட்டியிருக்கிறோம். பகலில் தூக்கம் கண்ணைச் சொருகுவது ஒன்று. உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டுவது வேறு. வார்த்தை வராமல் தடுமாறுவது வேறு. எதிலும் மனம் ஒட்டாமல் கிடப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

மூன்றாம் முறை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பத்து நாள் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, மந்தம் எப்போது வந்தது, எப்போது போனது, அந்த நேரத்தில் நாடி எவ்வளவு, உட்கார்ந்திருக்கும்போது பிரஷர் எவ்வளவு, எழுந்து நின்று இரண்டு நிமிடம் கழித்து எவ்வளவு. அவ்வளவுதான். பத்து நாளில் எட்டு நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குள்தான் மந்தம் என்று அதிலேயே தெரிந்தது. காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். பிரஷரின் மேல் எண் உட்கார்ந்தால் 120, எழுந்து நின்றால் 94. அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரையை மட்டும் ராத்திரிக்கு மாற்றினார். எனக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று சொல்ல வரவில்லை, நேரத்தை நீங்களாக மாற்றவும் வேண்டாம். நோட்டு மட்டும் எல்லோருக்கும் பொது. அதோடு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அடுத்த சந்திப்பு வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், ஒரே மாத்திரைமேல் பழி போடுவது. பீட்டா பிளாக்கர் களைப்பைத் தரும், தூக்கத்தைக் கெடுக்கும், விசித்திரமான கனவுகளைத் தரும், இதெல்லாம் உண்மை. ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் எளிதாகப் போகும், அட்டினலால் அவ்வளவாகப் போகாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவர் மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் மனச்சோர்வுக்கு இந்த வகை மாத்திரைதான் காரணம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உறுதிசெய்யவில்லை. தூக்கக் கோளாறும் கனவும்தான் அதில் தெரிந்தன. நெஞ்சு நோயே மனதைச் சோர வைக்கக்கூடியது என்பதை மறந்துவிடுகிறோம்.

வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. நீர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கினால் குழப்பம் வரும். 135க்குக் கீழே போனாலே குறைவு, ரொம்ப இறங்கினால் கிழமை, தேதிகூடத் தெரியாமல் பேசுவார்கள். அதை "வயசாயிடுச்சு, மறதி" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், எனக்கும் குறைந்துதான் இருந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் என்ற மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின், அது தைராய்டை ஏற்றவும் செய்யும் இறக்கவும் செய்யும், மந்தம் படபடப்பு இரண்டுமே அதனால் வரலாம். கொழுப்பு மாத்திரையால் மறதி வருவது அரிது, வந்தாலும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012லேயே மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. இதெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையிலோ ஒரு கேள்வியிலோ தெரிந்துவிடுகிற விஷயங்கள், கேட்கத்தான் வேண்டும்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமெப்பிரைடோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். சுகர் இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அதுதான் நமக்கு எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியின் சத்தத்தைக் குறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வேர்த்து, யோசனை குழம்பினால், "மாத்திரை மந்தம்" என்று படுத்துவிடாமல் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர்.

படபடப்புக்கு நாமாகச் செய்துகொள்ளும் வைத்தியம் தனிக் கதை. மருந்துக் கடையில் "தூக்கமே இல்லைங்க" என்று சொல்லி அல்பிரஸோலம் வாங்கிப் போடுவது, அது பழகிப்போகும், மறதியைக் கூட்டும், வயதானவர்களைக் கீழே விழவைக்கும். அமுக்கரா (அஸ்வகந்தா) மூலிகைதானே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தார், நல்ல மனுஷன்தான், ஆனால் அது பிரஷரை இறக்கலாம், தைராய்டையும் தொடலாம். சளிக்கு வாங்கும் மாத்திரையில் மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து இருந்தால் அது படபடப்பைக் கூட்டும், அதிலேயே இருக்கும் அலர்ஜி மருந்து தூக்கத்தைக் கொடுக்கும். மந்தம், படபடப்பு இரண்டும் ஒரே அட்டையில். இதய மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிரஷர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதும் தவறுதான். ஒரு நாளில் பதினான்கு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பயத்தோடு பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கூடத்தான் காட்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, அது போதும்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். மேடைப் பயத்துக்கு ப்ரோப்ரனலால் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அப்படியென்றால் என் மாத்திரையே என் கவலையைத் தீர்க்க வேண்டுமே என்று நினைத்தேன். அது நாடியைத்தான் அடக்கும், கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். ராத்திரி முழிப்பு வந்து "தூங்கினால் எழுந்திருப்பேனா" என்று ஓடும் நினைப்பை அது தொடுவதில்லை. அதற்கு ஆள் வேண்டும். மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை, ஆனால் இதய மாத்திரைச் சீட்டை அங்கேயும் காட்டுங்கள். ஃப்ளூக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் மெட்டோப்ரோலாலை உடம்பில் தங்கவைத்து நாடியை ரொம்பக் குறைத்துவிடலாம், அவரிடம் வேறு மருந்து இருக்கும். உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக ஒன்று, இதற்கு நேர் எதிர்த் தவறு. எல்லாமே பதற்றம்தான் என்று முடிவுகட்டிக்கொள்வது. நெஞ்சு அழுத்தம் இடது கைக்கோ தாடைக்கோ போனால், வேர்த்துக்கொட்டினால், மூச்சு திணறினால், வாய் கோணினால், பேச்சு குழறினால் நோட்டை எடுக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க டிகாக்ரெலார் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையாலேயே மூச்சு வாங்கலாம், ஆனால் அது மாத்திரையாலா நெஞ்சாலா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை.

என் கதை என்ன ஆனது என்றால், நேரத்தை மாற்றி, பி12 ஊசி போட்டு, இரண்டு மாதத்தில் காலை மந்தம் பெரும்பாலும் போய்விட்டது. போன வாரம் கல்யாண வீட்டில் எதிரே வந்தவர் பெயர் வரவில்லை, அசட்டுச் சிரிப்பு சிரித்து அனுப்பிவிட்டு, "இன்னும் போகல பாரு" என்றேன் மனைவியிடம். "அது மாத்திரை இல்லைங்க. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்கக்கா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டீங்க" என்றாள்.