ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் வீட்டுக்கு நாய் தேர்ந்தெடுப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கான செய்முறை

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாய் துணையாக இருக்கும் என்று கேள்விப்பட்டு ஆசையாகக் குட்டி வாங்கி வருகிறார்கள். மூன்றாம் மாதமே அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இப்படி நடக்கும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நாயின் இனத்தைப் பார்த்து வாங்கியிருப்பார்கள், தங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுத்தான் இந்தச் செய்முறையை எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாய் ஆட்டிசத்துக்கு மருந்தாகாது. சில பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல், சிலருக்கு ஓயாத தொல்லை. வெளிநாடுகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று பயிற்சி கொடுத்துத் தரப்படும் உதவி நாய்கள் வேறு வகை. அவற்றுக்கு மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். வீடியோவில் அழும் குழந்தையின் மடியில் நாய் படுத்து அமைதிப்படுத்துவதைப் பார்த்துவிட்டு வீட்டு நாயை அப்படிப் படுக்க வைக்காதீர்கள். குழந்தையின் இடுப்பில் நாயின் கயிற்றைக் கட்டி விடுவதும் கூடவே கூடாது.

படி 1: பிள்ளையை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து நான்கு விஷயங்களை மட்டும் தினமும் குறியுங்கள்.

ஒலி: மிக்சி, குக்கர் விசில், தெருநாய் குரைப்பு ஆகியவற்றுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறதா? தொடுதல்: ஈரமான பொருள், ரோமம், நக்குவது போன்ற உணர்வைத் தாங்குமா? பிடி: பிடித்ததை இறுக்கிப் பிடிக்கிறதா, முடியைப் பற்றினால் விடுகிறதா? வாய்: மண், காகிதம், கீழே கிடப்பவற்றை வாயில் போடுகிறதா?

மண்ணையும் குப்பையையும் வாயில் போடும் பழக்கம் இருந்தால் அவசரப்படாதீர்கள். நாயின் மலத்தில் இருந்து குடற்புழு பிள்ளைக்குத் தொற்றும். அந்தப் பழக்கம் கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடுவதுதான் சரி. பூனை, நாயைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு "வந்தால் பழகிவிடும்" என்று நாயைக் கொண்டு வருவது பயத்தை முற்ற வைக்கும்.

இன்னொன்றையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்: நாயை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? நடை, சாப்பாடு, சுத்தம், பயிற்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம் போகும். அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு. ஏற்கெனவே தெரபி, பள்ளி, தூக்கமில்லாத இரவுகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் அம்மாவின் தலையில் இதையும் வைப்பதாக இருந்தால், இப்போது வேண்டாம். பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி யாரும் நாய் வாங்கக் கூடாது.

படி 2: வீட்டை நாயின் கண்ணால் பாருங்கள்

நம் பழைய வீடுகளுக்கு முகப்பில் ஒரு தெரு, பின்கட்டில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வாசல். ஓடிப்போகும் இயல்புள்ள பிள்ளைக்கு ஏற்கெனவே இது ஆபத்து. நாய் வந்தால் கதவு திறந்து மூடும் தடவை கூடும். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இரண்டு வாசலுக்கும் தாழ்ப்பாள் போட்ட பிறகே நாயைத் தேடுங்கள்.

அடுத்தது எதிரொலி. பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் கிடையாது. வளவில் (நடு முற்றத்தில்) ஒரு தடவை குரைத்தாலும் பட்டாலை (முன்கூடம்) வரை அதிரும். ஒலிக்கு நடுங்கும் பிள்ளை உள்ள வீட்டில் அடிக்கடி குரைக்கும் நாய் எதுவாக இருந்தாலும் ஒத்துவராது. தரை வழுவழுப்பாக இருப்பதால் நாயின் கால் வழுக்கி இடுப்பு மூட்டு கெடலாம். நகம் தரையில் படும் 'டக் டக்' சத்தமே சில பிள்ளைகளை எரிச்சலூட்டும். நடமாடும் பாதையில் கயிற்றுப் பாயோ சாக்கோ விரியுங்கள், நகத்தின் நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டுங்கள். கழுத்துப் பட்டையில் தொங்கும் உலோக வில்லை கிணுகிணுத்தால் அதன்மேல் டேப் சுற்றிவிடுங்கள்.

நாய்க்கென்று ஒரு இடம் கட்டாயம் வேண்டும். இரண்டாங்கட்டில் ஒரு பக்க அறை போதும். வாசலில் மூன்றடி உயரத் தடுப்பு, உள்ளே படுக்கையும் தண்ணீரும். அந்த அறைக்குள் பிள்ளை போகக் கூடாது. நாய் தப்பித்துப் போய் ஒதுங்க இடமில்லாத வீட்டில் கடி நடக்க வாய்ப்பு அதிகம்.

பங்காளிகளோடு பொதுவாக இருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஐம்பது பேர் கூடும்போது நாயை எங்கே வைப்பது என்று அன்றைக்கு யோசிக்க முடியாது.

படி 3: குட்டி வேண்டாம், வளர்ந்த நாயைத் தேடுங்கள்

எல்லோரும் குட்டியைத்தான் கேட்பார்கள். "சேர்ந்து வளர்ந்தால் பாசம் வரும்" என்று ஐயாவோ அப்பத்தாவோ சொல்வார்கள். ஆனால் குட்டி ஆறு மாதம் வரை ஊசிப் பல்லால் கையைக் கடித்து விளையாடும், ஆடையைப் பிடித்து இழுக்கும், தாவும். அதன் நிலையான குணம் ஒன்றரை, இரண்டு வயதில்தான் தெரியவரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட, குடும்பக்கட்டுப்பாடு செய்யப்பட்ட, 15 முதல் 20 கிலோ எடையுள்ள நாய் என்றால் நீங்கள் பார்க்கும் குணம்தான் வீட்டுக்கும் வரும். குட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தால், எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரித்த குட்டியை வாங்காதீர்கள். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி அதை விற்பதே தவறு.

இனம் பற்றிச் சுருக்கமாக. லாப்ரடாருக்கு நல்ல மனம். ஆனால் எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அதன் துள்ளலில் சின்னப் பிள்ளை கீழே விழும். நம் சித்திரை வெயிலில் பகல் முழுக்க நிழலும் காற்றும் வேண்டும். கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்ற அடர் ரோம நாய்களும், மூக்கு சப்பையான பக் நாயும் இந்த வெயிலுக்கு உகந்தவை இல்லை. பொமரேனியன் கீச்சுக் குரலில் ஓயாமல் குரைக்கும், இறுக்கிப் பிடித்தால் எலும்பும் முறியும். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் அமைதியானவை, வெயில் தாங்குபவை. ஆனால் ஓடும் எதையும் துரத்தும், கட்டிப்பிடித்தால் பிடிக்காது. நாளெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு ஒத்துவரலாம், ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஒத்துவராது. ராஜபாளையமும் கோம்பையும் காவல் நாய்கள். வாரம் மூன்று நாள் தெரபிஸ்ட் வந்துபோகும் வீட்டில் தினமும் போராட்டம்தான். வெள்ளை ராஜபாளையத்தில் சிலவற்றுக்குக் காது கேட்காது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம்.

எங்கள் முதல் தேர்வு நாட்டு நாய். குட்டை ரோமம், வெயில் தாங்கும் உடம்பு, நடுத்தர அளவு. டீக்கடை வாசலில் பஸ் ஹாரனுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவே கண்மூடிப் படுத்திருக்கும் நாயைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குணத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்படி ஒரு நாயை யார் சோறு போட்டு வளர்க்கிறார்கள் என்று விசாரித்துப் பேசுங்கள்.

படி 4: நாயைச் சோதிப்பது

இந்தச் சோதனைக்குப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். நாய்க்குப் பழகியவர் கூட இருக்கட்டும். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு கொஞ்சம். வேறு வேறு நேரத்தில் இரண்டு தடவை செய்யுங்கள். ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம்.

நின்றுகொண்டு கண்டுகொள்ளாமல் இருங்கள். உடம்பைத் தளர்த்தி, வாலைத் தாழ்வாக ஆட்டியபடி வந்து மோந்தால் நல்லது. பாய்ந்து மேலே தாவினாலோ, மூலையில் ஒடுங்கினாலோ விட்டுவிடலாம்.

காது, பாதம், வால் என்று மெதுவாகத் தொடுங்கள். திரும்பிப் பார்த்தால் பரவாயில்லை. உடம்பு கல்லாக விறைத்து, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நாய் வேண்டாம்.

பத்தடி தூரத்தில் தட்டைத் தரையில் போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு, எல்லா நாயும் திடுக்கிடும். எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. ஐந்து விநாடிக்குள் வந்து தட்டை மோந்து பார்த்தால் மிக நல்லது. அரை நிமிடம் கழித்தும் நடுங்கினாலோ, தட்டைப் பார்த்து விடாமல் குரைத்தாலோ கூடாது. பிள்ளை திடீரென்று அலறும்போது இதே எதிர்வினைதான் வரும்.

அடுத்து நீங்களே கையை உதறியபடி, குரலெழுப்பி, நாலடி தள்ளி வட்டமாக ஓடுங்கள். வெட்கப்படாதீர்கள், இது அவசியம். நாய் பார்த்துக்கொண்டு நின்றால் தேறியது. காலைக் கவ்வத் துரத்தினால் இல்லை.

சாப்பிடும்போது மூன்றடி தள்ளி நடந்து, தட்டில் ஒரு கோழித் துண்டை எறியுங்கள். விறைத்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கினால் அது உணவைக் காக்கும் நாய். தட்டுக்குள் கையைவிட்டுச் சோதிக்காதீர்கள். கடைசியாக, வளர்ப்பவரை நாயின் தோளை ஐந்து விநாடி அணைக்கச் சொல்லி முகத்தைப் பாருங்கள். உதட்டை நக்குவது, கொட்டாவி, முகம் திருப்புவது எல்லாம் "போதும்" என்று அது சொல்லும் மொழி. ஒன்றிரண்டு தெரியலாம், எல்லாம் சேர்ந்து தெரிந்தால் யோசியுங்கள்.

படி 5: மருத்துவரிடம்

வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை நான்கும் வேண்டும். குடற்புழு மருந்தை வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்து வாருங்கள்.

உண்ணி மருந்தில் ஒரு கவனம். மருந்தூறிய கழுத்துப் பட்டையைப் பிள்ளை தடவும், வாயில் வைக்கும். முதுகில் விடும் சொட்டு மருந்து காய்வதற்குள் தொட்டுவிடும். பிள்ளையின் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லி, நாய்க்கு வாய்வழி மாத்திரை கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பிள்ளையின் மருத்துவரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. பேசாத பிள்ளை நாய் கடித்ததைச் சொல்லாது, தெருநாய் கீறியதையும் சொல்லாது. கடிக்கு முன்பே போடும் வெறிநோய்த் தடுப்பூசி பிள்ளைக்குத் தேவையா என்று கேட்டுவிடுங்கள். குளிப்பாட்டும்போது தினமும் உடம்பைப் பார்த்துவிடுவதும் நல்லது.

படி 6: நாய் வருமுன் பிள்ளைக்குப் பழக்கம்

வரப்போகும் அதே நாயின் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அது படுத்த துணியைக் கொண்டுவந்து வையுங்கள். அதன் குரைப்பைச் செல்போனில் பதிவு செய்து, கேட்டும் கேட்காத சத்தத்தில் ஆரம்பித்து நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காதைப் பொத்தினால் முந்தைய அளவுக்கு இறக்குங்கள்.

செய்யக் கூடியதைக் காட்டும் படஅட்டைகள் நான்கு போதும்: முதுகைத் தடவும் கை, விரித்த உள்ளங்கையில் பிஸ்கட், நாய் சாப்பிடும்போது எட்ட உட்கார்ந்த பிள்ளை, மூடிய தடுப்பு. "தொடாதே" என்று சொன்னால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைக்கு, "முதுகு, மெதுவா" என்பது உடனே கைக்கு எட்டும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஐயா ஒன்று, ஆயா ஒன்று சொன்னால் பலிக்காது.

படி 7: முதல் இரண்டு வாரம்

"பதினாலு நாள் பார்க்கிறோம், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறோம்" என்று வளர்த்தவரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். பள்ளி திறக்கும் வாரம், தீபாவளி மாதம், அக்னி நட்சத்திரம், ஊர்த் திருவிழா நேரம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தைப்பொங்கலும் மஞ்சுவிரட்டுச் சந்தடியும் அடங்கிய பிறகு, மாசி மாதம் நல்ல நேரம்.

முதல் மூன்று நாள் பிள்ளையும் நாயும் தடுப்புக்கு இரு பக்கம். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துப் படுக்க வைத்து, நடுவில் பெரியவர் உட்கார்ந்து, ஐந்து நிமிடம். பிள்ளைக்கு அலுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எப்போதும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், ஒரு விநாடிகூடத் தனியாக விடக் கூடாது. பிள்ளை கட்டுக்கடங்காமல் அழ ஆரம்பித்தால் நாய் தன் அறைக்குப் போய்விட வேண்டும். "போ, படு" என்று சொல்லி, போனதும் ஒரு கோழித் துண்டு கொடுத்து இதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். பிள்ளையை விலக்கிவிட்டு, எதனால் உறுமியது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டாம் முறை பிள்ளையைப் பார்த்து உறுமினால் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் பிள்ளைக்கும் நாய்க்கும் நல்லது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். மிச்சக் குழம்புச் சோறு போடாதீர்கள். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் கூடாது. பிள்ளை தட்டிலிருந்து இறைக்கும் வழக்கம் இருந்தால் சாப்பாட்டு வேளையில் நாய் தடுப்புக்குள் இருக்கட்டும். நடைக்குக் காலை 7 மணிக்குள், மாலை 6 மணிக்கு மேல். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துத் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

கடித்தாலோ கீறினாலோ

சிறு கீறலாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என்று நான்கு தவணையும் போட வேண்டும். இரத்தம் வந்த காயம் என்றால் வெறிநோய்க்கு எதிராக உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக்குப் பயப்படும் பிள்ளை என்றால் பிள்ளைக்குப் பிடித்த பொருளையும் காதை மூடும் ஹெட்போனையும் எடுத்துப்போங்கள். வரிசையில் நிற்க வைக்காமல் முன்னதாகப் பார்க்க முடியுமா என்று செவிலியரிடம் சொல்லுங்கள்.