புது வீரர் தேறுவாரா? கோலை எண்ணாமல் கண்டுபிடிக்கும் வழி

2011 ஆகஸ்ட். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு வந்த புது கோல்கீப்பர் டேவிட் டி ஹெயாவுக்கு அப்போது வயது 20. ஒல்லியான பையன். சீசனுக்கு முன் நடக்கும் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் எதிரணி வீரர் எடின் ஜெக்கோ தொலைவிலிருந்து அடித்த பந்து அவரைத் தாண்டி உள்ளே போனது. அடுத்த வாரம் லீகின் முதல் ஆட்டம். வெஸ்ட் பிராம் வீரர் ஷேன் லாங் அடித்த ஷாட் அவர் உடம்புக்கு அடியில் நழுவி கோலானது.

"இந்தப் பையன் தேறமாட்டான்டா" என்றேன் தம்பியிடம்.

"ரெண்டு மேட்ச்தானேண்ணா ஆகியிருக்கு? கொஞ்சம் பொறுங்க" என்றான் அவன்.

அதே டி ஹெயாவை அந்த அணியின் ரசிகர்கள் பின்னாளில் நான்கு முறை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். தம்பி சொன்னது மனதில் தங்கிவிட்டது. அதிலிருந்து நான் பின்தொடரும் அணிக்கு யார் புதிதாக வந்தாலும், கோடு போட்ட நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். அதில் என்ன எழுதுவது, எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அணியில் எந்த இடத்தில் ஆடினார்? எந்தத் தேதியில் வந்து சேர்ந்தார்? சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் புது அணியோடு இருந்தாரா?

தேதி எதற்கு என்று கேட்கலாம். லூகா மோட்ரிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் ஸ்பெயின் லீக் தொடங்கிய பிறகு, ஆகஸ்ட் 27ஆம் தேதிதான் ரியல் மாட்ரிட் அவரை ஒப்பந்தம் செய்தது. இரண்டு நாளில் பார்சிலோனாவுக்கு எதிராகக் களத்தில் இருந்தார். அந்த ஆண்டு முடியும்போது மார்க்கா பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் அந்த சீசனின் மிக மோசமான ஒப்பந்தம் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அடுத்த மார்ச்சில் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மாட்ரிட் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. மாற்று வீரராக இறங்கிய அவர் பெனால்ட்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதே அவருக்கு வந்தது. வாக்களித்தவர்கள் பார்த்தது முகாமுக்கே போகாத ஒருவரின் முதல் நான்கு மாதத்தை. அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்றில் நான் அதிகம் நம்புவது ஆடும் இடத்தைத்தான். வீரர் சரியில்லை என்று நாம் நினைக்கிற பல நேரங்களில், அவரை நிறுத்தியிருக்கும் இடம்தான் சரியில்லாமல் இருக்கும். தியரி ஆன்றி யுவென்டஸில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 1999இல் ஆர்சனல் அவரை நடுவில், கோலுக்கு நேராக நிறுத்தியது. முதல் சில வாரங்கள் கோலே வரவில்லை. செப்டம்பரில் சவுத்தாம்டனுக்கு எதிராக முதல் கோல். சீசன் முடியும்போது எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 26.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது ஜோயலிண்டன் கதை. 2019இல் நியூகாசில் பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கி கோல் அடிக்கும் முன்கள வீரருக்கான 9ஆம் எண் சட்டையைக் கொடுத்தது. முதல் சீசனில் 38 லீக் ஆட்டங்களில் இரண்டே கோல். எல்லோரும் அந்த இரண்டையே பேசினார்கள். எதிரணி வீரரின் தோளில் இடித்துப் பந்தைப் பிடுங்கும் பலம், பின்னால் ஓடிவந்து உதவும் பழக்கம் இதெல்லாம் அப்போதும் அவரிடம் இருந்தது, எண்ணத்தான் ஆளில்லை. 2021 நவம்பர் 30, நார்விச்சுக்கு எதிரான ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே நியூகாசில் டிஃபென்டர் கியரன் கிளார்க் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு சமாளிக்க ஜோயலிண்டனை நடுக்களத்துக்கு இறக்கினார் பயிற்சியாளர் எடி ஹவ். ஆட்டம் 1-1. அப்புறம் அவர் நடுக்கள வீரராகவே ஆகிவிட்டார். அந்த சீசன் முடிவில் அணியின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அதனால் உங்கள் நோட்டில் 'கோல் போடவில்லை' என்று எழுதும்போது, அதற்குக் கீழேயே 'வேறு என்ன செய்தார்?' என்று ஒரு வரியும் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, ஆட்டம் தொடங்கியாயிற்று. ஒவ்வொரு பாதியிலும் பதினைந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். மைதானத்தில் இருந்தால் இது எளிது. தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் கொஞ்சம் கஷ்டம். கோல் கிக், கார்னர், த்ரோ இன் நேரங்களில் படம் அகலமாகும். அப்போது அவரைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடப் பக்கம் 'கேட்டார்', வலப் பக்கம் 'கிடைத்தது'. அவர் கையை நீட்டியோ, ஆளில்லாத இடத்துக்கு நகர்ந்தோ பந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் இடப் பக்கம் ஒரு கோடு. பந்து வந்தால் வலப் பக்கமும் ஒரு கோடு. தொடக்க வாரங்களில் இடப் பக்கம் நிறைந்து, வலப் பக்கம் காலியாகக் கிடக்கும். புது ஆள் எப்போது ஓடுவார், எந்தக் காலில் பந்து வேண்டும் என்பதெல்லாம் சக வீரர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. பழக்கமானவரைத் தேடித்தான் பாஸ் போகும். பல வாரம் குறித்த பிறகு எனக்குப் புரிந்தது இது: முதலில் வலப் பக்கம் நிறையத் தொடங்கும், கோல் அதற்கும் சில வாரம் கழித்துத்தான் வரும். எல்லோரும் 'திடீரென்று ஃபார்முக்கு வந்துட்டார்' என்று சொல்லும்போது, என் நோட்டில் அது ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

இடப் பக்கமே காலியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பந்து தன்னிடம் வந்துவிடக்கூடாது என்று எதிரணி வீரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவர்கள் உண்டு. வந்தாலும் தலையை நிமிர்த்தாமல், முதல் டச்சிலேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்படி ஆறேழு ஆட்டம் தொடர்ந்தால் நானும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, தவறு செய்த பிறகு வரும் ஒரு நிமிடம். நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதுவது இது ஒன்றைத்தான். எளிதான வாய்ப்பை வீணடித்துவிட்டார், அல்லது பந்தை உருட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டப் போய்ப் பறிகொடுத்தார். அடுத்த பந்தை எங்கே நின்று கேட்கிறார்? வினிசியஸ் ஜூனியர் ரியல் மாட்ரிட்டுக்கு வந்த முதல் மூன்று சீசன்களில் லீகில் மொத்தமாகப் பத்துக் கோல்கூடப் போடவில்லை. கோலுக்கு முன்னால் அவர் பதறுவதை ரீப்ளே போட்டுச் சிரித்தார்கள். அந்த ரீப்ளேக்களில் வராதது ஒன்று உண்டு. பந்தை இழந்த அதே இடது ஓரத்துக்கே திரும்பி வந்து, அதே டிஃபென்டரை மறுபடியும் எதிர்த்து ஓடுவார். காலில் நுணுக்கம் சேரச் சேர அந்த ஓட்டம் கோலானது. 2021-22இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 22 கோல். அந்த மே மாதம் பாரிஸில் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் ஒரே கோலும் அவருடையதுதான்.

எவ்வளவு காலம் பொறுப்பது? பத்தாவது ஆட்டத்தில் பக்கத்தை ஒருமுறை படியுங்கள், சீசன் முடிவில் இன்னொருமுறை. அதற்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம். காரெத் பேல் டாட்டன்ஹாமில் ஆடிய முதல் 24 லீக் ஆட்டங்களில் அந்த அணி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ராசியில்லாதவர் என்றே பேச்சானது. 2009 செப்டம்பரில் பர்ன்லியுடன் வெற்றி உறுதியான பிறகு கடைசி நிமிடங்களில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கு அப்படி முடிந்தது. இடது பின்களத்தில் இருந்தவரை முன்னால் தள்ளி ஆடவைத்தார்கள். 2010 அக்டோபரில் இத்தாலியின் சான் சிரோ மைதானத்தில் பாதி நேரத்தில் எதிரணி இன்டர் 4-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் பேல் மூன்று கோல் போட்டார். மூன்றுமே இடது ஓரத்தில் ஓடிவந்து, இடது காலால் தூரத்து மூலைக்குத் தாழ்வாக அடித்தவை. ஆட்டம் 4-3 என்று தோல்விதான், ஆனால் அன்றிரவு எல்லோரும் பேசியது பேலைப் பற்றி.

எழுச்சி அதே சட்டையில்தான் வரும் என்றும் இல்லை. டியகோ ஃபோர்லான் மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் கோலுக்கு எட்டு மாதம் காத்திருந்தார், அதுவும் பெனால்ட்டி. ஸ்பெயினுக்குப் போய் இரண்டு சீசன்களில் லீகின் அதிகக் கோல் அடித்தவரானார். 2010 உலகக் கோப்பையின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆகவே ஒருவர் அணி மாறினாலும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். புது அணியின் பெயரை மேலே எழுதித் தொடருங்கள்.

மைதானத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டால் முதலில் நிற்பது பந்து கேட்கும் கைதான். இடப் பக்கக் கோடுகள் அப்படிக் குறைந்துபோனதை நான் எண்ணியிருக்கிறேன், மனசு கனத்துப்போகும். அவர் தவறவிட்ட பிறகு திரும்ப ஓடும்போது கைதட்டுங்கள்.

அப்புறம், நோட்டில் எழுதிய எதையும் அடித்துத் திருத்தாதீர்கள். என் டி ஹெயா பக்கத்தின் முதல் வரி, 'தேறமாட்டான்', தேதியோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே தம்பியின் கையெழுத்தில் 'பொறுங்க'.