மாடித் தொட்டிக்கு ஒரு காவல்காரன்: எடுபிடி என்று ஒதுக்கப்பட்ட வைஃபை சிப்பை வேலைக்கு வைப்பது எப்படி

எங்கள் வீட்டு சின்டெக்ஸ் தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் தெரிவது எங்களுக்கு அல்ல, பக்கத்து வீட்டு மாமிக்கு. ஓவர்ஃப்ளோ குழாய் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. "தம்பி, மோட்டார நிறுத்துப்பா, கொட்டுது!" என்று குரல் வரும், நான் வாயில் பிரஷ்ஷோடு ஓடுவேன். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்த ஊர் இது. இங்கே மொட்டை மாடியிலிருந்து நல்ல தண்ணீர் கொட்டினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

தொட்டி நிரம்பப் போகும்போது போனுக்கு ஒரு செய்தி வரும்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், ஒரு சனிக்கிழமை போதும். சால்டரிங் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம்.

வேலை பார்க்கப் போவது இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப். இதன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தப் பலகையை (சர்க்யூட் போர்டை) வாங்குவது, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சிப் இது. 2014 ஆகஸ்ட் வாக்கில் இஎஸ்பி-01 என்ற தபால்தலை அளவுப் பலகையில் வந்து இறங்கியது. எட்டே எட்டு பின், அதாவது ஒயர் மாட்டும் கால். ஆங்கிலத்தில் விளக்கக் குறிப்பு என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது, இருந்ததெல்லாம் சீன மொழியில். இதை ஒரு கணினி என்று யாரும் நினைக்கவில்லை. ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்னப் பலகைக்கு வைஃபை பிடித்துக் கொடுக்கும் எடுபிடி, அவ்வளவுதான். அந்தக் காலத்து டயல்-அப் மோடத்துக்குக் கொடுத்த அதே மாதிரி ஏடி கட்டளைகளை இதற்கும் கொடுக்க வேண்டும். முதல் முறை எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் நான் கேட்டபோது கடைக்காரர், "அது தனியா ஒண்ணும் செய்யாது சார், கூட ஒரு ஆர்டுயினோ வாங்கிக்கங்க" என்றார். வாங்கினேன். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தச் சிப்புக்குள் 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32-பிட் பிராசசர் உட்கார்ந்திருந்தது. அதை ஏவிக்கொண்டிருந்த ஆர்டுயினோ ஊனோவிலோ 16 மெகாஹெர்ட்ஸ், 8-பிட், 2 கிலோபைட் ரேம். மாப்பிள்ளையை விட மாப்பிள்ளைத் தோழன் வாட்டசாட்டமாக வந்து நின்ற கதைதான். விலை மலிவு என்பதால் உலகம் முழுக்க ஆளாளுக்கு வாங்கி, சீனக் குறிப்புகளை மொழிபெயர்த்து, நோண்ட ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் நிறுவனமே நிரல் எழுத உதவும் கருவித் தொகுப்பான எஸ்டிகேயை வெளியிட்டது, அடுத்த வருடம் ஆர்டுயினோ மென்பொருளிலேயே இந்தச் சிப்புக்கு நேரடியாக நிரல் எழுத வழி வந்துவிட்டது. அதோடு மாப்பிள்ளையே தேவையில்லை என்று ஆகிப்போனது. 2018 தொடக்கத்தில் 10 கோடி சிப்புகளை அனுப்பிவிட்டோம் என்று எஸ்பிரெசிஃப் அறிவித்தது.

ஆகவே கடைக்குப் போனால் இஎஸ்பி-01 வேண்டாம். அதில் யூஎஸ்பி கிடையாது, பின் பற்றாது, 3.3 வோல்ட்டுக்கு வேறு தனியாக அலைய வேண்டும். அதே சிப்பை யூஎஸ்பி, வோல்ட்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய நோட்எம்சியு பலகையைக் கேளுங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் இதே ஜாதகம்தான். ஆயிரம் போகும், மிஞ்சினால் பத்தாயிரம் போகும் என்று கேம்பிரிட்ஜில் அதை உருவாக்கியவர்கள் நினைத்தார்கள், 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்டபோது முதல் நாளே ஒரு லட்சம் ஆர்டர் குவிந்தது. ஆனால் அது லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. திடீர் திடீரென்று கரண்ட் போகும் இடத்தில் அதன் மெமரி கார்டு எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். தண்ணீர் மட்டம் பார்க்க அது அதிகம்.

சரி, வாங்க வேண்டியவை. நோட்எம்சியு ஒன்று. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று. காரின் பின் பம்பரில் வட்டமாக இருக்குமே, அதே போன்ற தலை, நீளமான ஒயரோடு வரும், ஈரம் தாங்கும். இதைவிட மலிவாக இரண்டு கண் வைத்த எச்.சி-எஸ்ஆர்04 கிடைக்கும், அதை வாங்காதீர்கள், தொட்டிக்குள் இருக்கும் ஆவியில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, ஜம்பர் ஒயர் ஒரு கட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். பழைய போன் சார்ஜர் வீட்டிலேயே கிடக்கும். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

இன்னொன்று, யூஎஸ்பி கேபிள். "டேட்டா போகுமா" என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒரு நாள் முழுக்க டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டு, லேப்டாப்பைத் திட்டி, பலகை செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன், கடைசியில் பார்த்தால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். பலகையில் விளக்கு எரியும், லேப்டாப்பில் போர்ட் மட்டும் வரவே வராது. அப்படி இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

ஆர்டுயினோ ஐடிஇ என்ற நிரல் எழுதும் மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, அதன் போர்ட்ஸ் மேனேஜரில் (Boards Manager) இஎஸ்பி8266-ஐச் சேர்த்து, நோட்எம்சியு 1.0 என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் விளக்கை மினுக்கும் பிளிங்க் என்ற மாதிரி நிரலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பலகையில் இருக்கும் சின்ன நீல விளக்கு தலைகீழ், லோ (0 வோல்ட்) கொடுத்தால் எரியும், ஹை (3.3 வோல்ட்) கொடுத்தால் அணையும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஒயரிங். நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான். சென்சாரின் 5 வோல்ட் பின்னை பலகையின் விஐஎன் பின்னோடும், கிரவுண்டை கிரவுண்டோடும் இணையுங்கள். ஒலியை அனுப்பச் சொல்லும் டிரிக் பின் டி1-க்குப் போகட்டும். எதிரொலி திரும்பிய நேரத்தைச் சொல்லும் எக்கோ பின்னை மட்டும் நேராகச் செருகக் கூடாது. அது 5 வோல்ட் துப்பும், சிப்போ 3.3 வோல்ட் ஆள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டி2-க்கு வாருங்கள், அதே டி2-விலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு இறக்குங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 சொச்சம்தான் டி2-வுக்குப் போகும். ரெசிஸ்டர் போடாமலும் சில நாள் ஓடும், "எனக்கு ஓடுதே" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். டி3, டி4, டி8 பக்கம் போகவே வேண்டாம், பலகை எழும்போது அந்தப் பின்களின் நிலையைப் பார்த்துத்தான் எப்படி எழுவது என்று முடிவு செய்கிறது. அங்கே எதையாவது மாட்டினால் சில சமயம் எழாமலே படுத்துக்கொள்ளும்.

கணக்கு எளிது. டிரிக் பின்னில் 20 மைக்ரோ நொடி ஹை கொடுங்கள், பல்ஸ்இன் கட்டளையால் எக்கோ எத்தனை மைக்ரோ நொடி ஹையாக இருக்கிறது என்று அளந்து 58-ஆல் வகுத்தால் தண்ணீர் வரைக்குமான தூரம் சென்டிமீட்டரில் வரும். வெயிலில் தொட்டிக்குள் காற்று 40 டிகிரிக்குப் போனால் ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும், ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் போல வித்தியாசம் காட்டும். நாம் என்ன ரேஷன் கடையிலா அளக்கிறோம், விடுங்கள். மாடிக்கு ஏற்றும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் மேல் சென்சாரைப் பிடித்து, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் எண் குறைய வேண்டும். இந்தச் சென்சாருக்கு ஒரு குருட்டு இடம் உண்டு, சுமார் 25 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் 30 சென்டிமீட்டரையே நான் "நிறைந்தது" என்று வைத்துக்கொண்டேன். எங்கள் தொட்டியில் காலியானால் 115, நிறைந்தால் 30. இப்போது 72 என்று காட்டினால் 115-இலிருந்து 72-ஐக் கழித்து 85-ஆல் வகுக்க, பாதித் தொட்டி. உருளைத் தொட்டி என்பதால் இந்தக் கணக்கு போதும்.

மோட்டார் ஓடும்போது தண்ணீர் மேல் அலை அடிக்கும், ஒரே ஒரு அளவை நம்பினால் எண் குதிக்கும். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். சுழியம் வந்தால் தூக்கிப் போடுங்கள், எக்கோ திரும்பவில்லை என்று அர்த்தம். நடுநடுவே டிலே கொடுக்க மறக்காதீர்கள், சிப்புக்கு வைஃபை வேலையைப் பார்க்க மூச்சுவிட நேரம் வேண்டும், இல்லையென்றால் தானாக ரீசெட் ஆகும்.

செய்தி அனுப்ப, டெலிகிராம் செயலியில் தானாகப் பேசும் கணக்கான பாட் சுலபம். பாட்களை உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் ஒரு பாட் உருவாக்கி, அது கொடுக்கும் டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டையும், செய்தி போக வேண்டிய சாட்டின் ஐடியையும் நிரலில் போட்டால் போதும். 90 சதவீதம் ஆனால் செய்தி போ என்று மட்டும் எழுதிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன், முதல் நாள் காலையில் மட்டம் 89, 90, 89, 90 என்று ஆடியதில் போன் ஓயாமல் அடித்தது. குடும்பத்தில் எல்லோரையும் செய்தி போகும் குழுவில் சேர்த்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செய்தி போய்விட்டால், மட்டம் 70-க்குக் கீழே இறங்கும் வரை அடுத்தது போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது.

மாடியில் பொருத்தும்போது, சென்சார் தலை அளவுக்கு மூடியில் துளை போட்டு, நேராகக் கீழே பார்க்கும்படி வைத்து, சுற்றி எம்-சீல் பூசுங்கள். தண்ணீர் விழும் குழாயிலிருந்தும் தொட்டிச் சுவரிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். பலகையும் சார்ஜரும் தொட்டி அருகே வேண்டாம், படிக்கட்டு மேல் அறைக்குள் வையுங்கள், 230 வோல்ட் இருக்கும் எதுவும் மழை படும் இடத்தில் இருக்கவே கூடாது. எங்கள் வீட்டில் சென்சாரின் ஒயர் அங்கே வரை எட்டியது, எட்டாவிட்டால் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரின் உள்பக்கமாக இடம் தேடுங்கள். இரும்புப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், வைஃபை வெளியே வராது.

இந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். நிரலில் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு வரவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கீழ் வீட்டு ஹாலில் ரூட்டர் இருந்தால் இரண்டு கான்கிரீட் தளம் குறுக்கே வரும். முதலில் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டு அறையில் நின்று சிக்னல் பாருங்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மாமி கேட்டார், நல்ல கேள்விதான். கரண்ட் இல்லையென்றால் மோட்டாரும் ஓடாது.

ரிலே என்ற, சிப் இயக்கும் சுவிட்சைப் போட்டு மோட்டாரையே தானாக நிறுத்த வைக்கலாம்தான், ஆனால் கடையில் கிடைக்கும் சின்ன நீல ரிலேவை மோட்டாரோடு நேராக இணைக்காதீர்கள், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும், சம்ப் காலியானால் மோட்டார் வெறுமனே ஓடாமலிருக்க இன்னொரு சென்சாரும் வேண்டும். நான் செய்தியோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. "தொட்டி நிறைய நிறைய சத்தம் கீச்சுன்னு மாறும்டா, காது இல்ல உனக்கு?" என்கிறார். இப்போதும் பாதி நாள் செய்தி வருவதற்குள் சுவிட்சை அணைத்திருப்பார்.

வருடம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், சென்சார் முகத்தைத் துணியால் துடைத்து, பாக்ஸைத் திறந்து பாருங்கள். போன அக்டோபரில் எங்கள் பாக்ஸுக்குள் எறும்புப் புற்று ஒன்று, ரெசிஸ்டர் மேலேயே முட்டை வைத்திருந்தன. ஒயர் நுழையும் துளையையும் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.