அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டதா? கார்டை மாற்ற ஓடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பழுதுபார்க்க எனக்கு வரும் லேப்டாப்களில் இப்போது அதிகம் பார்ப்பது இந்தப் பிரச்சினைதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறுகிறார்கள். மாறிய பிறகு, "அண்ணே, வைஃபை அடையாளத்தையே காணோம்" என்று போன் வரும். போன வாரம் ஓர் அக்கா தன் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். நேற்றுவரை ஓடிய கார்டு அப்டேட் ஆன அன்றே சாவது அபூர்வம். முதலில் டிரைவரை, அதாவது அந்தக் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளைப் பாருங்கள்.

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அதையே மறுபடி எழுப்பும். இது ஒன்றிலேயே சிலருக்கு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போய், நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறங்கள். கார்டின் பெயர் இருந்தால் அதன் புரொப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கம் போய், ரோல் பேக் டிரைவரை அழுத்துங்கள்; முந்தைய டிரைவர் திரும்பும். அந்த பட்டன் மங்கிக் கிடந்தால் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று போங்கள். பட்டியலில் ஒன்றுக்கு மேல் இருந்தால் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அக்கா மகளின் லேப்டாப் இந்த இடத்தில்தான் உயிர் பெற்றது.

பெயருக்குப் பதிலாக மஞ்சள் முக்கோணத்தோடு அதர் டிவைசஸில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று நின்றால், டிரைவரே இல்லை என்று பொருள். பிழை எண் 28 என்று காட்டும். அதன் புரொப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிஸ் எடுத்துப் பாருங்கள். 8086 என்று இருந்தால் இன்டெல் கார்டு. 10-ஐ அடுத்து இ, சி என்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் ரியல்டெக். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, இந்தக் கார்டுக்கான டிரைவரை இறக்குங்கள். டிரைவர் தேடித் தருகிறோம் என்று வரும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். வேண்டாத குப்பையும் கூடவே வரும்.

நெட்டே இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் சொருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டுங்கள். வைஃபை கார்டின் தயவே இல்லாமல் நெட் வந்துவிடும். டேட்டாவும் கடத்தும் கேபிள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்று மலிவு விலையில் கலந்து விற்கிறார்கள். போன் எதையும் காட்டாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றால், 11-க்கு மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரியில் கோ பேக் கொடுத்துப் பழையதற்கே திரும்பலாம். அதற்குள் இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். சரியான டிரைவர் கிடைத்ததும் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பிள்ளைக்கு அசைன்மெண்ட் கெடு நெருங்கும் வாரத்தில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் (Pause) கொடுத்து அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, அசைன்மெண்ட்டை அனுப்பி முடித்த பிறகு அதை எடுத்துவிடுங்கள்.