விமானத் தூரத்தைக் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் இவ்விரண்டையும் அளவுகோலால் இணைத்தால், கோடு அரேபியா, சகாரா, அட்லாண்டிக் வழியாகச் சென்று 20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். புவியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான் என்பதால், எந்த இரு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் அதில் பாதியை மிஞ்ச வழியில்லை. அந்த விடை தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் (உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின்) வில் ஆகும். இங்கு அது வடகிழக்காக ஏறி, ஏறத்தாழ 71 பாகை வட அட்சரேகையில் கிழக்கு சைபீரியக் கடலைத் தொட்ட பிறகே அமெரிக்காவை நோக்கி இறங்குகிறது.

இந்த வில்லின் நீளத்தை அறிய, இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரம் போதும். ஆனால் அதில் இடும் எண்களில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் எதிர்க்குறி (−) இட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் 122.38 பாகை மேற்கை எதிர்க்குறியின்றி எழுதினால், விமானம் சீனத்தின் சாண்டோங் தீபகற்பத்தை ஒட்டிய கடலில் போய் நிற்கும். தூரமும் 5,200 கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கான 8,200 சொச்சம் கிலோமீட்டரைக் கணக்கிடும்போது இதே தவறைச் செய்தால், ஹீத்ரோ, தீர்க்கரேகை சுழியமாகும் கிரீன்விச்சுக்கு மேற்கே அரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், விடை அறுபது கிலோமீட்டர் அளவுக்கே குறையும், யாருக்கும் ஐயம் எழாது. என் கணிப்பில் இதுவே அதிக ஆபத்தானது.

பாகை, கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்று தரப்பட்ட அளவைத் தசமமாக மாற்றாமல் விடுவதும் இத்தகையதே. சென்னை விமான நிலையத்தின் 12 பாகை 59 கலை என்பது 12.98 ஆகும், அதை 12.59 என்று எழுதினால் நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். எக்செல் போன்ற விரிதாள்களில் சைன், கொசைன் சார்புகள் கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனையே (180 பாகை = π ரேடியன்) எதிர்பார்க்கின்றன என்பதால், பாகையை முதலில் ரேடியனாக மாற்றிக்கொள்வது கட்டாயம்.

அலகில் ஏமாறுவதும் உண்டு. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் நெடுந்தூரப் பயணத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் பிசகும். மறுபுறம், புவி துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கையில் 6,371 கிலோமீட்டர் என்ற சராசரி ஆரத்தைக் கொண்டு கணக்கிட்டுவிட்டு, விடையை இரண்டு தசம இடங்களுக்குத் தருவது வெறும் பகட்டு. அரை விழுக்காடு வரை பிழைக்கு இடமுள்ள எண்ணுக்கு அந்தத் துல்லியம் பொருந்தாது.

பயண நேரத்தை வேகத்தால் பெருக்கித் தூரம் காண்பதும் சரியன்று. கால அட்டவணையிலுள்ள நேரத்தில் ஓடுபாதைக்குச் சென்று திரும்பும் பொழுதும் அடங்கும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்றோட்டம் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் வெவ்வேறாக்கும். காற்றுக்காகவும் மூடப்பட்ட வான்பரப்புக்காகவும் விமானங்கள் பெருவட்டத்தை விட்டு விலகுவதும் வழக்கம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு வந்த ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம், 71 பாகையோடு திரும்பாமல், வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தது.