கையில் இருக்கிற டென்னிஸ் ராக்கெட்டின் எடையையும் சமநிலையையும் மாற்றுவது எப்படி?

மட்டக்களப்புப் பக்கம் டென்னிஸ் பழகுகிறவர்களில் பலர் ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. லண்டனில் இருக்கிற மாமா வரும்போது கொண்டு வருவார், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போன யாராவது கடையில் இருந்ததை வாங்கி வருவார்கள். அது எடை குறைந்ததாக இருந்தால், பந்து வேகமாக வரும்போது கைக்குள்ளேயே திரும்பிவிடும். அதைத் தூக்கி வைக்க வேண்டாம். எடையைக் கூட்டுவது சுலபம், குறைப்பதுதான் கஷ்டம். சர்வதேச விதியும் பிரேமில் எடையைப் பங்கிடுவதற்காகப் பொருள் ஒட்டுவதை அனுமதிக்கிறது.

முதலில் அளவெடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பிரேமில் அச்சிட்டிருப்பது பொதுவாக நரம்பு கட்டாத எடை. நரம்பு ஏறினால் 15 கிராமுக்கு மேல் கூடும். அதனால் விளையாடுகிற நிலையிலேயே நிறுங்கள். அப்புறம் ஒரு பென்சிலின் மேல் ராக்கெட்டைக் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தில் குறி போடுங்கள். கைபிடியின் அடியிலிருந்து அந்தக் குறிவரை எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் சமநிலைப் புள்ளி. 27 அங்குல ராக்கெட்டின் நடு 34.3 சென்டிமீட்டர். புள்ளி அதற்குக் குறைவானால் கைபிடிப் பக்கம் பாரம், கூடினால் தலைப் பக்கம் பாரம். இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது சாமான். எடை ஒட்டுவதற்கென்றே ஈய டேப் இருக்கிறது. கால் அங்குல அகலமானது நான்கு அங்குல நீளத்துக்குச் சுமார் ஒரு கிராம் வரும். நம் ஊரில் அதைத் தேடி அலைவதைவிட மீன்பிடி வலைச் சாமான் விற்கிற கடையில் ஈயம் வாங்குவது லேசு. சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கத்தரித்து நிறுத்து எடுக்கலாம். ஈயம் நஞ்சு என்பதை மறக்காதீர்கள். உருக்க வேண்டாம், சிறுபிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒட்டிய ஈயத்தின் மேல் மின் வேலைக்குப் பயன்படுத்தும் கறுப்பு டேப்பை முழுதாகச் சுற்றிவிடுங்கள்.

எங்கே ஒட்டுவது? ராக்கெட்டை மணிக்கூடாக நினைத்துக்கொள்ளுங்கள். கைபிடி 6 மணி, உச்சி 12. புதியவர்களுக்கு நான் சொல்வது 3 மணியும் 9 மணியும்தான். வளையத்தின் உள்பக்கம், நரம்புக்கு அருகில், பக்கத்துக்கு 2 கிராம். ஓரத்தில் பந்து பட்டாலும் ராக்கெட் முன்போலத் திரும்பாது. 12 மணியில் வைத்தால் பந்தை அடிக்கிற அடிக்குப் பாரம் ஏறும், ஆனால் கை சீக்கிரம் களைக்கும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நரம்போடு 285 கிராம், சமநிலை 33 சென்டிமீட்டர் உள்ள ராக்கெட் என்று வைப்போம். உச்சியில் 4 கிராம் ஒட்டினால் புள்ளி ஏறக்குறைய 33.5க்கு நகரும். கைபிடியில், அடியிலிருந்து 5 சென்டிமீட்டரில், 5 கிராம் வைத்தால் திரும்பவும் 33. சரி, பழைய ராக்கெட் வந்துவிட்டதா? இல்லை. வீசும்போது தெரிகிற பாரம், எடை கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கப்படி கூடுகிறது. உச்சியில் வைத்த 4 கிராம், 3–9 மணியில் வைத்த 4 கிராமைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உறைக்கும். கைபிடியில் வைத்ததோ வீச்சில் தெரியவே தெரியாது. எனவே பென்சில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், உங்கள் தோளையும் கேளுங்கள்.

தலைப் பக்கம் அதிகமாகப் பாரித்தால், ஈயத்தைத் தொடாமல் முதலில் கைபிடியில் ஒரு ஓவர்கிரிப், அதாவது கிரிப்பின் மேல் சுற்றுகிற மெல்லிய பட்டை, சுற்றிப் பாருங்கள். அது ஐந்து கிராம் அளவில் வரும். போதாவிட்டால் கைபிடி அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, ஒட்டுக்களியில் பொதிந்த எடையை உள்ளே அமுக்கி, ஆடாமல் பஞ்சு அடையுங்கள். மூடி இல்லாத ராக்கெட் என்றால் கிரிப்பைக் கழற்றி அதற்கு அடியில் ஒட்டலாம்.

இனிச் சோதனை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காலையிலேயே விளையாடிப் பாருங்கள். காற்று கிளம்பிய பிறகு பந்து போகிற போக்கை வைத்து ராக்கெட்டை எடைபோட முடியாது. சில ஆட்டங்களுக்கு எதையும் மாற்றாதீர்கள். பந்தை எட்டுவதில் தொடர்ந்து பிந்தினால் ஒரு பக்கத்துக்கு ஒரு கிராம் கழற்றுங்கள். வாலியில், அதாவது பந்து தரையில் படுமுன் அடிக்கும்போது, இன்னும் ராக்கெட் ஆடுகிறதா, பக்கத்துக்கு ஒரு கிராம் கூட்டுங்கள். தோளோ முழங்கையோ வலித்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓய்வெடுங்கள்.

பிடித்த அளவு கிடைத்ததும் ஒட்டிய இடங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நரம்பு மாற்றக் கொடுக்கும்போது டேப்பைப் பிய்த்துவிடுவார்கள்.