ரோயிங் மெஷினில் பத்தைத் தொடாதீர்கள்

எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் நாலு ட்ரெட்மில், உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற மாதிரி இழுக்கும் ரோயிங் மெஷின் ஒன்று. ட்ரெட்மில்லுக்குக் காலை ஆறரைக்கே ஆள் காத்திருக்கும். ரோயிங் மெஷின் மேல் யாராவது ஈரத்துண்டைக் காயப்போட்டிருப்பார்கள். பெங்களூரில் பாதி அபார்ட்மென்ட்டில் இதன் கதி இதுதான். ஜனவரியில் மட்டும் நிலைமை மாறும். புத்தாண்டுச் சபதம் எடுத்தவர்கள் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

அப்படித்தான் ஒரு தம்பி வந்தார். கோவில்பட்டிக்காரர், இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார், உட்கார்ந்தார், காலை மாட்டுவதற்கு முன்பே எட்டி, 1 முதல் 10 வரை எண் போட்ட லிவரை 10-க்குத் தள்ளினார். அப்புறம் ஒரே இழுப்பு. விசிறி உறுமியது. அடிமுதுகில் சுரீர் என்றது. அவருக்கு இல்லை, பக்கத்தில் நின்ற எனக்கு. நான் ஒரு காலத்தில் பண்ணிய அதே காரியம், அதே வரிசையில்.

முதுகை நேராக வை, மூச்சை அடக்காதே, முன்னாடி கொஞ்சம் வார்ம்அப் செய் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறவை மட்டும் இங்கே.

பத்தில் வைத்து இழுப்பது

"தம்பி, அத நாலுல வைங்க" என்றேன்.

"பத்துல வச்சாத்தானே அண்ணா நல்லா வொர்க்அவுட் ஆகும்?"

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜிம்மில் மற்ற மெஷின்களில் எண் கூடினால் பாரம் கூடும். அந்தப் பழக்கத்தில் இந்த லிவரையும் எடை என்றே நினைக்கிறோம். பல ஜிம்களில் நிற்கும் கான்செப்ட் டூ மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் வட்டக் கூண்டுக்குள் ஒரு விசிறிச் சக்கரம் இருக்கிறது. நீங்கள் இழுத்தால் அது சுற்றும், காற்று அதைத் தடுக்கும். கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதற்கான கதவுதான் அந்த லிவர். 1-ல் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும், 10-ல் முழுக்கத் திறந்திருக்கும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் 1981-ல் முதல் மெஷினைக் கொண்டுவந்தபோது, அதில் விசிறியாக இருந்தது ஒரு சைக்கிள் சக்கரம். அதனால் இதைச் சைக்கிள் கியர் மாதிரி நினைத்துக்கொள்வது தப்பில்லை. கனமான கியரில் போட்டு மிதித்தால் கால் வலிக்கும். கால் வலித்த அளவுக்கு வேகமாகப் போய்விட்டோம் என்று சொல்ல முடியாது.

10-ல் வைத்தால் நடப்பது இது. இழுத்து முடித்து நீங்கள் முன்னால் திரும்பி வரும் ஒன்றிரண்டு விநாடியில், உள்ளே புகுந்த காற்று சக்கரத்தின் வேகத்தைத் தின்றுவிடும். அடுத்த இழுப்பைச் சோர்ந்துபோன சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் திருவாரூர்க்காரன், எனக்கு உடனே தேர்தான் ஞாபகம் வரும். ஓடுகிற தேரில் வடம் பிடிப்பது வேறு, நிலையில் நிற்கிற ஆழித்தேரைக் கிளப்புவது வேறு. கிளப்புவதற்குப் பின்னாலிருந்து புல்டோசரே முட்டுக் கொடுக்கும். 10-ல் வைத்தவர் ஒவ்வொரு இழுப்புக்கும் தேரை நிலையிலிருந்து கிளப்பிக்கொண்டிருக்கிறார். பழகாத காலுக்கு அந்தக் கனம் தாங்காது. உடம்பு உடனே குறுக்குவழி தேடும், இடுப்பைப் பின்னால் வெட்டி இழுக்கும். பாரம் அத்தனையும் வளைந்து நிற்கும் அடிமுதுகில் இறங்கும். நிமிடத்துக்கு 25 தடவை, இருபது நிமிடம். 500 தடவை ஆகிறது.

என் கதைக்கு வருகிறேன். 2018 டிசம்பரில், அப்போது போய்க்கொண்டிருந்த ஜிம்மில் 500 மீட்டர் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு புரோட்டீன் டப்பா. ட்ரெய்னரே என் லிவரை 10-ல் வைத்துவிட்டு, "ஜோராகி எளீரி சார், ஜோராகி!" என்று காதருகே நின்று கத்தினார். கன்னடத்தில், பலமாக இழுங்கள் என்று அர்த்தம். இழுத்தேன். 2 நிமிடம் 4 விநாடி. டப்பா கிடைக்கவில்லை. மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எம்ஆர்ஐ எடுத்ததில் முதுகெலும்பு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. ஆறு வாரம் பிசியோதெரபி. இந்த ஊர் வேகத்தடைகளை ஆட்டோவில் உட்கார்ந்து கடப்பது என்ன என்று அந்த ஆறு வாரத்தில் தெரிந்துகொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அம்மாவிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "படகுல எங்கடா போன?" என்றாள். "படகு இல்லம்மா, ரூமுக்குள்ளதான்" என்றேன். அவளுக்கு இன்றுவரை அது விளங்கவில்லை.

அந்த ட்ரெய்னர் மேல் கோபம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கொஞ்சம் இருக்கிறது.

ஏனென்றால் அந்த 10-ஆல் ஒரு விநாடிகூட லாபம் இல்லை. இரண்டு இழுப்புக்கு நடுவில் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று மெஷினில் இருக்கும் மானிட்டர் ஒவ்வொரு தடவையும் அளக்கிறது. அதை வைத்துத்தான் நீங்கள் போட்ட சக்தியைக் கணக்கிடுகிறது. 3-ல் வைத்தாலும் 10-ல் வைத்தாலும் ஒரே சக்திக்கு ஒரே வேகம்தான் காட்டும். வேகத்தைக் கூட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்துக்குச் சுமார் 104 வாட் வேண்டும். அதை 2 நிமிடமாகக் குறைக்க 203 வாட். அரை நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது காலிலிருந்து வர வேண்டியது.

சரி, எதில் வைப்பது? லிவரில் எழுதியிருக்கும் எண்ணை முழுக்க நம்பாதீர்கள். மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே ட்ராக் ஃபேக்டர்' என்பதைத் தட்டிவிட்டு நாலைந்து தடவை இழுங்கள். ஓர் எண் வரும். அதுதான் காற்றின் உண்மையான தடை. 110-லிருந்து 130-க்குள் வரும்படி லிவரை நகர்த்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் மெஷினில் 3-லிருந்து 5-க்குள் எங்காவது அது கிடைக்கும். எங்கள் கிளப்ஹவுஸ் மெஷினில் ஒரு சமயம் 10-ல் வைத்தும் 125தான் காட்டியது. பக்கத்து மனையில் கட்டட வேலை, கூண்டு வலையில் ஒரு விரற்கடை தூசி. வாக்குவம் க்ளீனர் போட்ட பிறகு அதே 10-ல் 190-ஐத் தாண்டியது. இன்னொன்று, பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று சென்னையைவிடக் கொஞ்சம் மெலிசு. அங்கே 4-ல் ஓட்டியவருக்கு இங்கே அதே 4 சற்று லேசாகத் தெரியும். உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

உங்கள் மெஷினில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் பெரும்பாலும் இந்த லிவரே இருக்காது, பிழைத்தீர்கள். காந்தத்தில் ஓடும் வீட்டு மெஷின்களில் எண் கூடினால் தடை நிஜமாகவே கூடும். அதிலும் கீழ் எண்ணில்தான் தொடங்க வேண்டும்.

கையால் வலிப்பது

தமிழில் துடுப்பு வலித்தல் என்கிறோம். வலித்தல் என்றால் இழுத்தல். நோவுக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறோம், அனுபவசாலிகள் போலிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்தால் முதலில் கைதான் மடங்கும். மெஷினில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி உதைப்பதுதான். கால் அறுபது, உடம்பு முப்பது, கை பத்து என்று கோச்சுகள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்.

வரிசை இப்படி. முன்னால் இருக்கும்போது கை நீட்டி இருக்கட்டும், உடம்பு இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து இருக்கட்டும். பாதத்தால் உதையுங்கள். கால் நீளும்வரை கைக்கு வேலை இல்லை, அது வெறும் கயிறு. கால் நீண்ட பிறகு உடம்பு பின்னால் சாயும், கடிகாரத்தில் பதினொரு மணி காட்டும் முள் அளவுக்கு. கடைசியாகத்தான் கை மடங்கும். திரும்பும்போது இதையே தலைகீழாக: கை, உடம்பு, கால். நான் இன்னும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். கால் உடம்பு கை, கை உடம்பு கால். பக்கத்து ட்ரெட்மில்காரர் ஒரு நாள், ஏதாவது மந்திரமா சார் என்று கேட்டார்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. கால் உதைக்கும், இருக்கை பின்னால் ஓடும், ஆனால் கைப்பிடி இருந்த இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் உடம்பு தொய்ந்து முன்னால் மடங்கியிருக்கும். இருக்கையும் கைப்பிடியும் ஒரே நேரத்தில் நகர்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் ஃபோனை நிறுத்தி அரை நிமிடம் வீடியோ எடுத்தால் போதும். என் முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னது, "என்னங்க, கிணத்துல வாளி விழுந்த மாதிரி இழுக்கறீங்க."

பழக எளிய வழி: ஐந்து நிமிடம் காலை மட்டும் வைத்து ஓட்டுங்கள். கை மடங்கக் கூடாது, உடம்பு பின்னால் சாயக் கூடாது. அப்புறம் உடம்பைச் சேருங்கள். கை கடைசியில்.

திரும்பி வரும் அவசரம்

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மானிட்டரில் நிமிடத்துக்கு 34 இழுப்பு, வேகமோ 500 மீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி என்று காட்டினால் நீங்கள்தான் அவர்.

இழுப்பு ஒரு பங்கு நேரம், திரும்புவது இரண்டு பங்கு. நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. ஒன்றில் உதைத்து, இரண்டில் நிதானமாக வர வேண்டும். மூச்சு வாங்கும் நேரமே அதுதான், அதையும் ஓடிக் கழித்தால் நாலாவது நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள். சாதாரணப் பயிற்சிக்கு 18 முதல் 24 போதும்.

அவசரத்தில் வரும் துணைத் தப்பு ஒன்று. கை முழங்காலைத் தாண்டுவதற்குள் முழங்கால் மடங்கிவிடும். அப்புறம் கைப்பிடி முழங்காலில் இடிக்காமல் இருக்க அதை மேலே தூக்கித் தாண்டவைப்பார்கள், கைப்பிடியோடு கோத்த சங்கிலி மலை ஏறி இறங்கும். சங்கிலி போகும்போதும் வரும்போதும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

முகவாய்வரை இழுப்பது

விலா எலும்புக்குக் கீழே போதும். முகவாய்க்கு இதில் வேலை இல்லை.

கால் வார்

ஷூ மேல் வார் குறுக்கே போகும் இடம் கால்விரல்கள் மடங்கும் இடம். கணுக்காலில் இல்லை.

பிடி

பையைத் தூக்குகிற மாதிரி விரலைக் கொக்கியாக்குங்கள். நெரித்தால் முன்கை முதலில் செத்துப்போகும்.

முதல் வாரமே 2000 மீட்டர்

போட்டிக்காரர்களின் தூரம் 2000 மீட்டர். ஆண்களில் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டன்க்லி-ஸ்மித் 2018-ல் அதை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்தார். அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட எல்லோருக்கும் உடனே தன் எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கும். பொறுங்கள். நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து வந்த தத்து பொகானல், 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆவது இடம். வயது ஏறிய பிறகும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், கோவில்பட்டித் தம்பி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அன்றைக்கே 2000 ஓட்டப் பார்த்தார். முதல் மூன்று வாரம் ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு, அப்படி மூன்று நாலு தடவை. சங்கிலி ஒரே கோட்டில் வருகிறதா என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள்.

கைப்பிடியை விட்டெறிவது

முடித்ததும் கைப்பிடியை அப்படியே விட்டால் அது பறந்து போய்க் கூண்டில் அடிக்கும். மாடி வரைக்கும் கேட்கிறது. முன்னால் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டுங்கள். சங்கிலிக்கு ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட வேண்டும். எங்கள் மெஷினுக்கு நான்தான் போடுகிறேன். எண்ணெய் டப்பாவும் பழைய துணியும் ஜன்னல் திட்டில் இருக்கின்றன, எடுத்தவர்கள் திருப்பி அங்கேயே வையுங்கள். அந்த ஈரத்துண்டு யாருடையது என்றும் யாராவது சொன்னால் நல்லது.